இரவல் நெற்றிக்காசு

நல்ல வெள்ளிக்காசைக் கருங்கல்லில் போட்டால் மெல்லிய கம்பியொன்று அதிர்வது போல 'ணிங்' என்று ஒலித்து, அந்த ஒலி அடங்குமுன் ஒரு தரம் துள்ளிக் கைக்குத் திரும்பிவிடும். கள்ளக்காசோ 'டொக்' என்று விழுந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும். ஆரையம்பதியில் எங்கள் அப்பாவின் கடையில், 'லாச்சி' என்கிற காசு இழுப்பறைக்குப் பக்கத்தில், அதற்கென்றே உள்ளங்கையளவு கருங்கல் ஒன்று பதித்திருந்தது. அரிசிக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் புகையிலைக்கும் வருகிற வெள்ளிக்காசு ஒவ்வொன்றும் அந்தக் கல்லில் விழுந்து சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் லாச்சிக்குள் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து மாமூட்டையின்மேல் ஏறியிருந்து கொப்பி எழுதுகிற எனக்கு, தலையை நிமிர்த்தாமலே எது நல்லது, எது கள்ளம் என்று சொல்லிவிடப் பழகியிருந்தது.

எனக்குப் பதினொரு வயது நடந்த அந்த வருடம், ஒரு பின்னேரம், 'டொக்' கேட்டது. கொண்டுவந்தவர் வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து நெல் விற்க வந்த ஒரு வண்டிக்காரர். பாவம், அவருக்கும் யாரோ தள்ளிவிட்டதுதான். அப்பா அந்த ரூபாயை வாங்கி வாசலுக்கு அப்பால் மணலில் வீசினார். நான் ஓடிப்போய்ப் பொறுக்கினேன். விக்டோரியா ராணியின் தலை போட்ட ரூபாய். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ராணியின் மூக்குச் சப்பையாக இருந்தது, கன்னம் உப்பியிருந்தது, கொண்டை எங்கள் ஊர்ப் பெண்கள் குளித்துவிட்டு அள்ளிச் செருகுகிற கொண்டையாக இருந்தது. இதைச் செதுக்கியவன் ஒரு வெள்ளைக்காரியையும் கிட்ட நின்று பார்த்தவனல்லன். தன் வீட்டில் நடமாடிய பெண்ணின் முகத்தைத்தான் முடி சூட்டி வைத்திருக்கிறான்! அந்தக் கணத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நல்ல காசை யந்திரம் அடிக்கிறது, அதில் யாருடைய கையும் இல்லை. கள்ளக்காசை ஒரு மனிதன் எங்கோ ஒரு கொட்டிலில் இருந்து, வெளியே காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்திருக்கிறான். அவன் செத்துப் போயிருக்கலாம். அவனுடைய கை இதில் இருக்கிறது. கள்ளக்காசுகளைச் சேர்த்தால் என்ன?

அன்றே தொடங்கிவிட்டேன். எதையும் நாளைக்கு என்று வைக்கத் தெரியாத பிள்ளை நான். பால் தீர்ந்த தகரப் பேணி ஒன்றைக் கழுவி வைத்தேன். பழைய கொப்பி ஒன்றின் அட்டையில் 'கள்ளக்காசுக் கொப்பி, பூரணம்' என்று என் பெயரோடு எழுதினேன். ஒவ்வொரு காசுக்கும் ஓர் இலக்கம். என்ன காசு, என்ன உலோகம், எந்த இடத்தில் பிசகியிருக்கிறது, யார் என்ன சாமானுக்குக் கொண்டுவந்தது, எந்த நாள் என்று ஐந்து வரி.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "மத்தவன்ற புள்ளையள் உண்டியல்ல நல்ல காசு சேக்குதுகள். நம்மட இது கள்ளக்காசு சேக்குது. இவளக் கட்டப் போறவன் குடுத்து வெச்சவன்தான்!"

ஆனாலும் கல்லில் 'டொக்' கேட்டால் அதை மணலில் வீசாமல் என் பக்கம் வீசத் தொடங்கினார்.

காத்தான்குடியிலிருந்து துணி மூட்டை தோளில் போட்டு வருகிற அசனார் காக்காவுக்கு என்னுடைய இந்தக் கிறுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒருநாள் இடுப்புப் பட்டியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். ஒல்லாந்தர் காலத்துச் செப்புத்துட்டு. ஆனால் அதில் கும்பனியின் எழுத்துகள் கண்ணாடியில் பார்த்தாற்போல இடம் வலம் மாறிக் கிடந்தன. நல்ல துட்டைப் பார்த்து அச்சில் அப்படியே வெட்டிவிட்டான் ஒருவன். அடித்த பிறகு எழுத்து மாறித்தானே விழும் என்று எழுத்தறியாத அவனுக்குத் தெரியவில்லை.

"எங்கட வாப்பாட வாப்பா ஏமாந்த சல்லி இது, மகள்," என்றார் காக்கா. "பரம்பரைச் சொத்து. நாங்க மூணு தலைமுறையா ஆருக்காவது தள்ளிவிடலாமெண்டு பாத்தும் ஒருத்தனும் ஏமாறான். நீ ஒருத்திதான் சந்தோசமா வாங்குறாய்."

இன்னொரு ரூபாயின் இரு முகங்களையும் மெல்லிய தகடாக அறுத்து, நடுவில் ஈயம் வைத்து ஒட்டியிருந்ததைப் பள்ளிக்கூடத்து ஆசிரியையின் பூதக்கண்ணாடியால் கண்டுபிடித்த நாளில் நான் இரவுச் சாப்பாடே சாப்பிடவில்லை. ஒரு வருடத்துக்குள் பேணியில் பத்தொன்பது காசுகள். இதுவரையில் நான் எழுதியதெல்லாம் சந்தோசம். இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஆகவே சுற்றி வளைக்காமல் வந்துவிடுகிறேன்.

அடுத்த மாரி காலத்தில், மூன்று மாதத்துக்குள், ஐந்து கள்ளக்காசுகள் கடைக்கு வந்தன. ஐந்தும் நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் வந்தவை; யார் என்ன வாங்க வந்தார் என்று மட்டும் சொல்லி அப்பா தந்தார். ஐந்தும் ஐம்பது சதம். ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் மரம். கண்ணுக்கு அருமையான வேலை. கையில் எடுத்தால் கனம் சரியில்லை. ஓரத்தில் பல்லு வரிகள் மழுங்கியிருந்தன. ஈயமும் வெள்ளீயமும் கலந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அரசரின் கழுத்துக்குப் பின்னால், வெறுமையாக இருக்கவேண்டிய இடத்தில், கடற்கரை மணலில் காற்று விட்டுப்போகிற அலையலையான கோடுகள் போல மெல்லிய வரிகள் இருந்தன. ஐந்திலும் இருந்தன. ஐந்தும் ஒரு கை. எந்த அச்சு இப்படி வரி விடும்? நாலு நாள் அதே யோசனை. ஐந்தாம் நாள் கடற்கரையில் நடக்கும்போது காலில் இடறியது கணவாய் மீனின் ஓடு. வெள்ளையாய், இலேசாய், நகத்தால் கீறினால் மாவாய் உதிர்கிற அந்த ஓட்டை உடைத்துப் பார்த்தேன். அதே வரிகள்.

வீட்டுக்கு ஓடினேன். ஓட்டை இரண்டாக அறுத்து, என் சட்டைப் பொத்தானை நடுவில் வைத்து அழுத்தி, கரண்டியில் ஈயத்துண்டை உருக்கி ஊற்றினேன். பெருவிரல் வெந்து கொப்பளித்தது. பொத்தான் அச்சு அசலாய் வந்தது, வரியோடு வந்தது. கொப்பளம் வலித்த வலியிலும் நான் துள்ளிக் குதித்ததை அம்மா பார்த்து, பிள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டதென்று திருநீறு போட்டுவிட்டாள்.

பிறகுதான் கொப்பியைப் புரட்டினேன். யார் கொண்டுவந்தது? ஐந்து வெவ்வேறு வீட்டார். எல்லாரும் ஏழைகள். அதைவிட ஒன்று இருந்தது. ஐந்து பேரும் வாங்க வந்தது ஏறத்தாழ ஒரே சாமான்: பச்சரிசி, பயறு, சர்க்கரை, கற்பூரம். எட்டாம் நாள் சடங்குச் சாமான். ஐந்து வீட்டிலும் அந்தந்த வாரத்தில் ஒரு சாவு நடந்திருந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். பிரேதத்தைக் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, அதன்மேல் ஒரு வெள்ளிக்காசை ஒட்டி வைப்பார்கள். குழிக்கரை வரைக்கும் அது நெற்றியில் இருக்கவேண்டும். அங்கே எடுத்துக் குழி வெட்டியவருக்குக் கொடுப்பார்கள். செப்புக்காசு கூடாது, வெள்ளிதான். வெள்ளி இல்லாமல் போன வீட்டுக்கு 'வெறும் நெற்றிக் குடும்பம்' என்று ஒரு பட்டம் ஒட்டிக்கொள்ளும். பத்து வருடம் கழித்துக் கலியாணப் பேச்சிலும் அதை எடுத்து வீசுவார்கள். ஐம்பது சதம் என்பது அந்நாளில் ஓர் ஏழை வீட்டுக்கு நாலைந்து நாள் அடுப்பு.

ஈயமும் கணவாய் ஓடும் ஒரு கையில் சேர்ந்திருக்கிற ஆள் யார் என்று எனக்குத் தெரியும். வாவிக்கரையில், கண்டல் மரங்களுக்குப் பக்கத்துக் குடிசையில், வீச்சுவலைக்கு ஈயமணி வார்த்துக் கொடுக்கிற நல்லதம்பி மாமா. எங்களுக்கு உறவில்லை, ஊரில் எல்லாரும் அவரை மாமா என்பார்கள். அரைச்சிரிப்போடு பேசுகிற, ஒற்றை நாடியான மனிதர். ஐந்து காசையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனேன். அவரும் அவர் மனைவி பாக்கியம் மாமியும் வலையை விரித்து மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். நான் கைக்குட்டையை அவிழ்த்து வைத்து, பொத்தானையும் பக்கத்தில் வைத்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

மாமா பொத்தானைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். "ஊத்துவாய் சின்னனாய்ப் போச்சு. அதான் கையச் சுட்டிருக்காய்," என்றார்.

பாக்கியம் மாமி வலையை உதறிவிட்டு எழுந்தாள். "இஞ்சருங்க, நான் அப்பவே சொன்னன் தானே! மணி வாத்தமா, வித்தமா எண்டு இருக்காம, ஊருக்கெல்லாம் தருமம் செய்யப் போனீங்க. இப்ப கடைக்காரர்ர மகள் வந்து நிக்காள்!"

"சும்மா கிடகா," என்றார் மாமா. பிறகு என்னிடம் சொன்னார். அவருடைய தாய் செத்த அன்று ஒரு வெள்ளிக்காசுக்காக நாலு வீடு ஏறி இறங்கினாராம். நாலாவது வீட்டில் கொடுத்தார்களாம். கொடுத்ததற்கு வேலி கட்ட மூன்று நாள் கூப்பிட்டார்களாம். "தாய் செத்துத் துடக்குக் கழியல்ல, நான் அவனுக்கு வேலி கட்டுறன். அண்டைக்கு நினைச்சன் புள்ள, இந்தக் காசுக்கு நெத்தியில கிடக்கிறதத் தவிர வேற என்ன வேலை? ஆரு அதக் கல்லில போட்டுப் பாக்கப் போறான்?"

வார்த்தார். இல்லாத வீட்டுக்கு இரவல் கொடுத்தார். குழிக்கரையில் அதை எடுத்துக் குழி வெட்டுகிறவரே ஒளித்துக்கொண்டு வந்து இவரிடம் திருப்பித் தருவார். இவர் அவருக்கு மீன் கொடுத்துவிடுவார். வெற்றிலைப் பையைத் திறந்து இரண்டு காசுகளைக் காட்டினார். அவை எத்தனை நெற்றியில் இருந்தவை என்று அவருக்கே நினைவில்லை.

"இது காசில்ல. பாடைக்குக் கட்டுற வெள்ளைத்துணி மாதிரி ஒரு சாமான். நான் ஒருத்தனுக்கும் இதக் குடுத்து ஒரு சுருட்டும் வாங்கினதில்ல." கைக்குட்டையில் கிடந்த ஐந்தையும் பார்த்தார். "இதுகள் திரும்பி வரல்ல. குழிக்கரையில வீட்டாக்கள் தாங்களே எடுத்திட்டாங்க போல. கேக்கவும் ஒண்ணா. செத்த வீட்டில போய், காசெங்க எண்டு கேக்கவா?"

பிறகு அவர் கையை நீட்டினார். அந்தக் கையை இன்றைக்கும் எழுதமுடியும். ஈயம் தெறித்த புள்ளிகள் மணிக்கட்டு வரைக்கும் இருந்தன.

"அஞ்சையும் தா, புள்ள. இப்பவே கரண்டியில போட்டு உருக்கிப்போடுறன். வெளிய கிடந்தா ஒரு நாளைக்கு என்னத்தான் கொண்டுபோகும்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கமாட்டேன். விளங்கியது. கள்ளக்காசு செய்தால் சிறை மறியல் என்பது கடைக்காரன் மகளுக்குத் தெரியாதா? ஆனால் என் பேணியில் இருந்த மற்றக் காசுகளையெல்லாம் செய்தவர்கள் பெயர் தெரியாத ஆட்கள். இந்த ஐந்தை மட்டும்தான் நான் என் மூளையால் துரத்திப் பிடித்தேன். என் சேகரிப்பின் முடி அவை. கைக்குட்டையை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"நான் ஒருத்தருக்கும் பறையமாட்டன், மாமா. பேணிக்குள்ளதான் கிடக்கும்."

"தாகா, நல்ல புள்ளையெல்லா," என்று பாக்கியம் மாமி கெஞ்சினாள். நான் எழுந்து நடந்துவிட்டேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. ஒரு பெண்பிள்ளையின் இடுப்பிலிருந்து பிடுங்குகிற ஆள் இல்லை அவர்.

மூன்று கிழமைக்குப் பிறகு நான் படித்த பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைத்தார்கள். சிப்பி சேர்த்தவள், முத்திரை சேர்த்தவள், உலர்ந்த இலை சேர்த்தவள் என்று எத்தனையோ பேர். எனக்கு முன்னால்தான் கூட்டம் நின்றது. பத்தொன்பது பழைய காசுகளோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஐந்தையும் வரிசையாக நடுவில் வைத்து, கணவாய் ஓட்டையும் பொத்தானையும் பக்கத்தில் வைத்து, 'ஒரே கை' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தேன். அரசாங்கப் பணமும் கணக்கும் இருக்கிற கச்சேரியில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் விருந்தினராக வந்திருந்தார். குனிந்து பார்த்தார், கெட்டிக்காரி என்றார், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். அந்தக் 'கெட்டிக்காரி' போதுமாயிருந்தது எனக்கு. கணவாய் ஓட்டின் வரிகளைச் சொன்னேன், ஈயத்தைச் சொன்னேன்.

"ஈயம் வார்க்கத் தெரிந்தவர்கள் உங்கள் பக்கத்தில் அதிகமோ?" என்றார் சிரித்துக்கொண்டே.

"இல்லை ஐயா. வலைக்கு மணி வார்க்கிற இரண்டு மூன்று பேர்தான்," என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நான் பெயர் சொல்லவில்லை என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயரைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஐந்து காசும் என் மேசைக்குத் திரும்பி வரவில்லை.

நாலாம் நாள் காலையில் ஊர் அதிகாரியான விதானையாரோடு பொலிஸார் வந்தார்கள். குடிசையில் கணவாய் ஓடுகள், கரண்டி, ஈயக்கட்டி, வெற்றிலைப் பையில் இரண்டு கள்ளக்காசு, அச்சுக்கு வைத்த நல்ல காசு ஒன்று. வேறென்ன வேண்டும்? கையைக் கட்டித் தெருவழியே எங்கள் கடையைத் தாண்டித்தான் அவரைக் கொண்டுபோனார்கள். கடையில் நின்றவர்களில் ஒருவன், "பாத்தியா, ஈயமணிக்காரர் வீட்டிலேயே ஒரு கச்சேரி நடத்தியிருக்கார்!" என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர், என் கொப்பியில் அந்த ஐந்தில் மூன்றாம் காசுக்கு நேரே பெயர் இருந்தவர்.

அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. காசை வார்த்தார் என்பதை அவரே ஒத்துக்கொண்டார். செலவழிக்க வார்க்கவில்லை, பிணத்துக்கு இரவல் கொடுக்கத்தான் வார்த்தேன் என்று சொன்னார். கேட்ட பொலிஸ்காரர்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததாம். யாருக்குக் கொடுத்தாய், சொல் என்றார்களாம். அவர் சொல்லவில்லை. சொன்னால் அந்த வீடுகள் வெறும் நெற்றிக் குடும்பங்களாகிவிடும். குழி வெட்டியவர் பொலிஸ் என்றதும் படுவான்கரைப் பக்கம் போய்விட்டார். இரவல் வாங்கிய வீட்டார் யாராவது தாங்களாகவே வந்து, 'ஓம், எங்களுக்குத் தந்தார், நாங்கள்தான் கடையில் நீட்டினோம்' என்று சொல்லவேண்டும். சொன்னால் தண்டனை குறையலாம் என்று வழக்குப் பேசவிருந்த பெறக்கிராசியார் பாக்கியம் மாமியிடம் சொல்லியிருந்தார். மாமி வீடு வீடாக ஏறினாள். ஒரு வீட்டிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கட அம்மாவுக்கு நல்ல வெள்ளி வெச்சுத்தான் எடுத்தம், நீ ஆரு வந்து கேக்கிறதுக்கு என்று ஒரு வீட்டில், இனி இந்தப் பக்கம் வராதே என்பதற்கு அடையாளமாகத் தண்ணீரை எடுத்து முற்றத்தில் ஊற்றினார்களாம்.

ஐந்து வீட்டுப் பெயரும், நாளும், வாங்க வந்த சாமானும் எழுதியிருந்த ஒரேயொரு இடம் என் கொப்பி.

அப்பாவுக்கு அது தெரியவந்த அன்று அவர் என்னை அடிக்கவில்லை. கொப்பியை வாங்கி, ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். "வடிவா எழுதியிருக்காய்," என்றார். பிறகு எழுந்துபோய் அடுப்பில் வைத்தார். பேணியை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தார். கை வெறுமையாக இருந்தது.

"இஞ்ச பார் பூரணம். இந்த அஞ்சு வீடும் நம்மட கடையில சாமான் வாங்குற சனம். அவங்கட செத்தாக்கள நீ கோட்டு வழக்கில இழுத்து விட்டா, நாளைக்கு இந்த வாசல்ல ஒரு காக்காயும் நிக்காது. கள்ளக்காச வெச்சிருந்ததுக்கு உன்னையும் கேப்பாங்க, என்னையும் கேப்பாங்க. உனக்கு ஒண்டும் தெரியா. விளங்குதா?"

வழக்குக்கு முதல்நாள், பள்ளிக்கூடப் படலை வாசலில் பாக்கியம் மாமி நின்றாள். ஆரையம்பதியிலிருந்து பட்டணத்துக்கு நடந்தே வந்திருக்கிறாள்; கால் முழங்கால் வரை புழுதி. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மகள், நீ எழுதி வெச்சிருக்கியாம், ஆர் ஆர் கொண்டு வந்ததெண்டு. கொப்பி வேணாம். நீ வந்து ஒரு வாய் சொன்னாக் காணும். சின்னப் புள்ள சொன்னா நீதவான் நம்புவாராம். அந்த மனிசன் உன்னப் பத்தி ஒரு சொல்லுக் குறையாச் சொல்லல்ல, மகள்."

அவளுக்குத் தெரியாது, பொருட்காட்சியில் நான் பேசியது. பள்ளிக்கூடத்தில் பொலிஸார் காசைக் கண்டெடுத்தார்கள் என்று மட்டும்தான் அவள் நினைத்திருந்தாள். நான் கோட்டில் ஏறினால், முதலில் கேட்கப்போவது, 'ஈயமணி வார்க்கிறவர்கள் என்று சொன்னது நீதானே?' என்பதாக இருக்கும். அது அவள் காதில் விழும். அப்பாவின் கடையை நினைத்தோ, ஐந்து வீட்டு மானத்தை நினைத்தோ நான் பேசாமல் இருந்தேன் என்று எழுதினால் அது இந்தக் கட்டுரையில் இன்னொரு கள்ளக்காசு. அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்ற பயம் ஒன்றுதான்.

"எனக்குத் தெரியா, மாமி," என்றேன்.

அவள் என் கையை உடனே விடவில்லை. பிறகு விட்டுவிட்டு, வந்த வழியே கிறுகி நடந்தாள்.

மூன்று வருடக் கடூழிய மறியல். இரண்டாம் மாரியில் வயிற்றோட்டம் கண்டு மறியல் வீட்டிலேயே இறந்துபோனார் என்று விதானையாருக்குக் கடதாசி வந்தது. சேதி வந்து சேர்ந்தபோது புதைத்துப் பல நாள் ஆகியிருந்தது. எங்கே புதைத்தார்கள், நெற்றியில் எதையாவது வைத்தார்களா, ஒருவருக்கும் தெரியாது. பாக்கியம் மாமி குடிசையை அப்படியே விட்டுவிட்டு உன்னிச்சையில் இருக்கிற தமையன் வீட்டோடு போய்விட்டாள். அறுவடைக் காலத்தில் வயல் வட்டையில் கதிர் பொறுக்கி நிற்கிறாள் என்று வண்டிக்காரர்கள் சொல்லுவார்கள்.

இப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். யுத்தம் வந்து வெள்ளியையெல்லாம் கொண்டுபோய்விட்டது. ஐம்பது சதமும் மஞ்சளாகிவிட்டது, பத்துச் சதத்துக்குப் பூப்போல விளிம்பு வந்துவிட்டது. இந்தக் காசை எந்தக் கல்லில் போட்டும் ஒரு பயனும் இல்லை. எல்லாம் ஒரே ஓசை. கள்ளக்காசு செய்கிறவனும் இல்லை, செய்தால் கூலிக்கும் கட்டாது. போன மாசம் ஒரு பணக்கார வீட்டுச் சாவுக்குப் போயிருந்தேன். நெற்றியில் புதுப் பித்தளைக்காசு. அழுதுகொண்டிருந்த ஒருவரும் அதைப் பார்க்கவும் இல்லை. வெள்ளிதான் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. 'வெறும் நெற்றி' என்ற பேச்சே ஊரில் செத்துவிட்டது. நல்லதம்பி மாமாவின் குடிசை இருந்த இடத்தில் வாவி ஏறிவந்து கண்டல் முளைத்திருக்கிறது. நான் மறுபடியும் கள்ளக்காசு சேர்க்கிறேன். பழையவை மட்டும், செய்தவன் செத்து நூறு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டு.

அந்தச் சாவு வீட்டிலிருந்து திரும்பிய பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எரிந்துபோன கொப்பியின் ஐந்து பக்கங்களையும் நினைவிலிருந்து எழுதினேன். ஒரு வரி பிசகவில்லை. ஐந்து வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் ஆட்களே இல்லை. ஒரு வீட்டில், கடைக்காரர் மகள் இவ்வளவு படித்தும் செத்தவர்களைக் கிண்டுகிறாளே என்றார்கள். இன்னொரு வீட்டில் தேத்தண்ணி தந்து, பேச்சை மழைக்கும் விளைச்சலுக்கும் மாற்றி அனுப்பிவைத்தார்கள். நாலாம் வீட்டில் கதவு திறக்கவில்லை. ஐந்தாவது தம்பிராசா அண்ணன். அந்த நாளில் நாலு சின்னப் பிள்ளைகளோடு பெண்சாதியைப் பறிகொடுத்தவர். இப்போது ஒரு கால் இழுத்துக்கொண்டுவிட்டது, கட்டிலில் கிடக்கிறார். நான் தாளை வாசித்தேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான்தான் எடுத்தன்," என்றார். "குழிக்கரையில, மண் போடுறதுக்கு முந்தி. நெத்தியில கை வெக்கக்குள்ள அவளுக்குச் சொல்லிட்டுத்தான் எடுத்தன், உன்ர எட்டுக்குச் சாமான் வாங்கவேணும், மிச்சத்தில புள்ளையளுக்குக் கஞ்சிக்கு அரிசி வேணுமெண்டு. அது ஈயமெண்டு அப்ப எனக்குத் தெரியும். உங்கட அப்பா கல்லில போட்டுப் பாத்திட்டு, ஒண்டும் சொல்லாம அரிசிய அளந்து தந்தார்."

இது நான் அறியாத செய்தி. அப்பா ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்க அப்பாவும் இப்போது இல்லை.

"கோட்டில போய்ச் சொல்லியிருக்கலாமே, அண்ணன்?"

"ஆரும் வந்து கேக்கல்ல எண்டு சொல்லிச் சொல்லித்தான் இத்தின வருசம் போச்சுது. அது பொய். பாக்கியம் வந்து கேட்டவ. கதவுக்குப் பின்னால நிண்டன்." தலையை என் பக்கம் திருப்பி, "நீ எப்ப உன்னிச்சைக்குப் பாக்கியத்திட்டப் போறாய்? என்னையும் ஏத்திக்கொண்டு போ. வண்டியில படுத்துக் கிடந்து வாறன்," என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி பேசியிருக்கிறேன். வைக்கோல் பரப்பி அவரைக் கிடத்தி, அவருடைய மூத்த மகன் கூட வர, விடியக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பாதி வழி போய்விடலாம் என்கிறார் வண்டிக்காரர். செத்தவருக்குத் தீர்ப்பு மாற்றுகிற கோடு எதுவும் இல்லை என்று விசாரித்து அறிந்துகொண்டேன். ஆகவே பாக்கியம் மாமியிடம்தான் போகிறோம். அவள் வெளியே வராமலும் போகலாம். வந்தால் தண்ணீரை எடுத்து எங்கள் முன்னால் ஊற்றலாம். அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. தம்பிராசா அண்ணன் தானே முதலில் பேசுவதாகச் சொல்லுகிறார், நான் இளம் பெண்ணாம், எனக்குச் சங்கடமாம். இல்லை என்று சொல்லிவிட்டேன். வண்டி நின்றதும் நான்தான் முதலில் இறங்கவேண்டும். பொருட்காட்சியில் நின்று பேசியது யார் என்பதை, வேறு எந்தப் பெயரும் அவள் காதில் விழுவதற்கு முன்னால், நானே சொல்லிவிட வேண்டும்.